புதுப்பிப்பு: 19-உம் 41-உம் அகப்பட்டுவிட்டன

கான்வேயின் உயிர் விளையாட்டில் (ஒவ்வொரு கட்டமும் அண்டைக் கட்டங்களைப் பொறுத்துத் தலைமுறைதோறும் உயிர்க்கும் அல்லது சாகும் கணித விளையாட்டு) 19, 41 தலைமுறைகளுக்கு ஒருமுறை பழைய வடிவத்துக்கே திரும்பும் அலைவிகள் மட்டும் சிக்கவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். 2023-இல் இரண்டுமே கிடைத்துவிட்டன. இனி எந்த எண்ணைச் சொன்னாலும் அதற்கோர் அலைவி உண்டு.

பெரிய எண்கள் தொல்லை தரவில்லை. கிளைடரை, அதாவது கட்டங்களினூடே குறுக்காக நகர்ந்துகொண்டே போகும் சின்ன வடிவத்தை, செங்கோணத்தில் திருப்பிவிட்டு, 43 தலைமுறைகளில் அடுத்ததற்குத் தயாராகிவிடும் 'ஸ்நார்க்' 2013-இல் வந்தது. நான்கைச் சதுரமாக வைத்தால் கிளைடர்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். சதுரத்தின் அளவையும் கிளைடர்களின் எண்ணிக்கையையும் மாற்றினால் போதும்; 43-உம் அதற்கு மேலும் அதிலேயே முடிந்தன. சின்ன எண்கள்தான் படுத்தின. ஒவ்வொன்றையும் தனித்தனியே வேட்டையாட வேண்டியிருந்தது.

எளிதில் பார்க்க விரும்பியவர்களுக்கு: பத்துக் கட்டங்களை ஒரே வரிசையில் உயிர்ப்பித்து ஓடவிடுங்கள். விரைவிலேயே 15-இன் அலைவியாக மாறி, நீள்வதும் சுருங்குவதுமாக நிற்காமல் ஆடும்.