சோழமண்டலக் கோரையூசி: ஒரு பெயர்ப் பரிந்துரை

நண்பருக்கு வணக்கம்.

ஆங்கிலத்தில் Coromandel Marsh Dart என்றும் அறிவியலில் Ceriagrion coromandelianum என்றும் சொல்லப்படும் பூச்சிக்குத் தமிழில் 'சதுப்பு ஈட்டி' என்று பெயரிடலாம் என்ற உங்கள் பரிந்துரையைப் படித்தேன். ஆங்கிலப் பெயருக்கு அது நெருக்கமானதுதான். ஆனால் மெல்லிய உடலும், உட்காரும்போது முதுகின்மேல் மடித்துக்கொள்ளும் இறக்கையும் உள்ள இந்தக் கூட்டத்தை நம் மக்கள் ஊசித்தட்டான், ஊசித்தும்பி என்றே சொல்கிறார்கள். அந்த 'ஊசி'யை நாம் கைவிடக் கூடாது. சங்கப் பாடல்களில் தும்பி என்பது தேன் தேடும் வண்டு என்பதால், பொதுப்பெயராக ஊசித்தட்டானையே வைத்துக்கொள்ளலாம்.

இன்னொருவர் சொன்ன 'மஞ்சள் ஊசி' ஆணுக்கு மட்டுமே பொருந்தும். ஆணின் வயிறு, அதாவது வால்போல நீண்ட பின்னுடல், ஒரு புள்ளிகூட இல்லாத எலுமிச்சை மஞ்சள். பெண்ணோ மங்கிய பழுப்பு. இரண்டையும் சேர்த்துப் பார்க்க முட்டையிடும் நேரம்தான் வசதி. குளத்தில் மிதக்கும் இலைமேல் பெண் உட்கார்ந்து, வயிற்றை வளைத்து, இலைத் திசுவுக்குள் முட்டைகளைச் செருகும். ஆண் தன் வயிற்று நுனியால் அதன் கழுத்தைப் பிடித்தபடி, காலூன்றாமல், நட்டு வைத்த குச்சிபோல நேராக நிற்கும். அந்தக் காட்சியைப் பார்த்தவர் 'மஞ்சள்' என்ற ஒரு சொல்லோடு நிறுத்தமாட்டார்.

சரி, 'சதுப்பு' வேண்டாமா? சதுப்பு என்றதும் பலருக்கு அலையாத்திக் காடுதான் நினைவுக்கு வரும். இது நன்னீர்க் குளம், ஏரிக்கரை, நெல்வயல், களை மண்டிய குட்டை எனத் தாழ்நிலத்தில் எங்கும் வாழ்வது. நம் பெயர்மரபு நிலவகையைவிடச் செடியைத்தான் விரும்பிப் பிடிக்கும். சம்புப் புல்லுக்குள் திரியும் பறவை சம்புக்கோழி ஆனது அப்படித்தான். கரையோரக் கோரையில் தாழ்வாக உட்காரும் இந்தப் பேரினத்துக்கு (Ceriagrion) 'கோரையூசி' என்று வைத்தால் ஈரநிலம் தானாகவே உள்ளே வந்துவிடும்.

டென்மார்க் பூச்சியியலாளர் ஃபேப்ரிசியஸ் 1798இல் இதன் அறிவியல் பெயரில் கோரமண்டல் கரையின் பெயரை இட்டார். அந்தச் சொல்லின் மூலம் சோழமண்டலம் என்றே பெரும்பாலும் கொள்கிறார்கள். அதனால் 'சோழமண்டலக் கோரையூசி' என்பது என் பரிந்துரை. இலங்கையிலும் வட இந்தியாவிலும் இந்தப் பூச்சி உண்டே என்ற தயக்கம் நியாயமானது. ஆனால் அறிவியல் பெயரே கோரமண்டலத்தைத்தான் சொல்கிறது.

அப்புறம், இதே பேரினத்தில் வயிற்றின் தொடக்கமும் நுனியும் சிவந்து நடுவில் கறுத்திருக்கும் உறவுக்காரருக்குச் 'செவ்வால்' என்ற பெயர் வேண்டாம். வயிறு முழுதும் செம்மஞ்சளான இன்னோர் இனமும் இருப்பதால் குழப்பம் வரும். 'செம்முனைக் கோரையூசி' எனலாமா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.