யோசேப்பு 13 வருஷம் ஜெயிலில் இருந்தாரா? பிள்ளைகளிடம் இப்படிச் சொல்லலாமா?

தோற்சுருள்:
போன சனிக்கிழமை எங்கள் பக்கத்தில் ஒரு வாலிபர் முகாம். பதினொன்று, பன்னிரண்டு படிக்கிற பிள்ளைகள். தலைப்பு 'தேவனுடைய வேளைக்குக் காத்திரு'. செய்தி கொடுத்தவர், "யோசேப்பு 13 வருஷம் ஜெயிலில் காத்திருந்தார். கூடப் படிக்கிறவன் லவ் பண்ணுகிறான் என்பதற்காக நீயும் பண்ண வேண்டுமா? காலேஜ் முடிக்கும்வரை உன்னால் காத்திருக்க முடியாதா?" என்று மூன்று தடவை சொன்னாராம். என் மகன் அங்கேயே காணிக்கை உறையின் பின்பக்கம் பென்சிலால் கணக்குப் போட்டிருக்கிறான். ஆதியாகமம் 37:2-இல் யோசேப்புக்கு 17 வயது, அண்ணன்மார் அவரை விற்றுவிடுகிற சமயம். 41:46-இல் ஜெயிலிலிருந்து வெளியே வந்து எகிப்து ராஜா பார்வோன் முன்பாக நிற்கும்போது 30. கழித்தால் 13, சரி. ஆனால் ஜெயிலுக்கு முன்பு, அவரை விலைக்கு வாங்கிய போத்திபார் வீட்டில் விசாரணைக்காரனாக, அதாவது வீட்டு நிர்வாகியாக, இருந்த காலம் எங்கே போயிற்று? ஜெயிலில் மொத்தம் எத்தனை வருஷம் என்று வேதம் சொல்லவே இல்லை. கூட ஜெயிலில் இருந்த, பார்வோனுக்குப் பானம் பரிமாறுகிற பானபாத்திரக்காரர் தலைவன் வெளியே போன பிறகு 2 வருஷம், அது மட்டும்தான் 41:1-இல் இருக்கிறது. வீட்டுக்கு வந்து உறையை என்னிடம் நீட்டி, "இதுவே தப்புன்னா மத்ததும் தப்பாத்தானப்பா இருக்கும்?" என்கிறான். மேடை ஏறுமுன் நாலு அதிகாரத்தை ஒழுங்காக வாசிக்க முடியாதா?

கழுகு_40_31:
பிரதர், அந்த முகாமில் நானும் இருந்தேன். சாப்பாட்டுப் பொறுப்பு என்னுடையது. கடைசி ஜெபத்தில் எத்தனை பிள்ளைகள் அழுதுகொண்டே முன்னால் வந்தார்கள் தெரியுமா? அதெல்லாம் உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, பென்சில் கணக்கு தெரிகிறது. சரி, வசனமே கேட்கிறீர்கள், வாங்கிக்கொள்ளுங்கள். சங்கீதம் 105:17, "யோசேப்பு சிறையாக விற்கப்பட்டான்." சிறையாக! விற்கப்பட்ட நாளிலிருந்தே சிறை. ஆக 13 சரிதான்.

தோற்சுருள்:
இதைத்தான் எதிர்பார்த்தேன். அந்த வசனத்தில் 'சிறை' என்றால் ஜெயில் இல்லை, அடிமை. 'சிறைபிடித்துப் போனான்' என்று சொல்கிறோமே, அந்தச் சிறை. 1995-இல் வந்த திருவிவிலியத்தை எடுத்துப் பாருங்கள், 'அடிமையாக' என்றே போட்டிருக்கிறது. தமிழும் தெரியாமல் வேதமும் தெரியாமல் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லப் போனால் இப்படித்தான் ஆகும்.

கழுகு_40_31:
உங்களுக்கு வேண்டும்போது மட்டும் வேறு பைபிள் எடுப்பீர்கள். எங்கள் தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் பழைய மொழிபெயர்ப்புதான். அதில் 'சிறை' என்றுதான் இருக்கிறது. அடுத்த வசனத்தையும் வாசியுங்கள், காலில் விலங்கு, இரும்பு எல்லாம் வருகிறது. போத்திபார் வீட்டிலா விலங்கு போட்டார்கள்?

தோற்சுருள்:
அடுத்த வசனம் அடுத்த கட்டம், ஐயா! விற்றது ஒன்று, விலங்கு போட்டது வேறொன்று. இரண்டையும் சேர்த்துக் குழப்பாதீர்கள். திருவிவிலியம் கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் என்று இரண்டு தரப்பு சபைகளும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு, யாருடைய தனிச் சொத்தும் இல்லை. 13 வருஷம் ஜெயில் என்று எழுதியிருக்கிற ஒரு வசனம். ஒன்றே ஒன்று. காட்டுங்கள்.

ஞாயிறுபள்ளி அக்கா:
அண்ணன்மாரே, கொஞ்சம் பொறுங்கள். நான் சபையில் வாலிபப் பிள்ளைகளுக்குத் திடப்படுத்தல் (கன்ஃபர்மேஷன்) வகுப்பு எடுக்கிறவள். பிள்ளைகள் என்னிடம் யோசேப்புக்கு எத்தனை வருஷம் என்று கேட்பதே இல்லை. போன மாதம் ஒரு பிள்ளை வகுப்பு முடிந்தும் போகாமல், துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். "குரூப்ல எல்லாரும் கமிட்டட் அக்கா. என்னை மட்டும் கன்னியாஸ்திரின்னு கூப்பிடுறாங்க. பேசாம யாருக்காவது ஓகே சொல்லிரலாமான்னு இருக்கு" என்றாள். நான் அவளோடு உட்கார்ந்து 1 சாமுவேல் 13 வாசித்தேன். பலி செலுத்த வேண்டிய தீர்க்கதரிசி சாமுவேலுக்காகக் கில்காலில் சவுல் ராஜா ஏழு நாள் காத்திருந்தான். சாமுவேல் வரவில்லை. கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சிதறிப் போகிறதைப் பார்த்துப் பயந்து, தானே பலியைச் செலுத்திவிட்டான். செலுத்தி முடித்த கையோடு சாமுவேல் வந்துவிட்டார். ஏழாம் நாள் வரை காத்தவன், கடைசி நேரத்தில் கூட்டம் கலைகிறதே என்று அவசரப்பட்டான். "நான் இப்ப ஏழாம் நாள்ல இருக்கேனாக்கா?" என்று அவளே கேட்டாள். இதைப் பற்றிப் பேசலாமே.

கழுகு_40_31:
அருமை சிஸ்டர். ஆனால் சவுல் ராஜா, வாலிபன் இல்லை. யோசேப்புதான் பிள்ளைகள் வயது. 13 வருஷம் என்றால்தான் அவர்கள் மனதில் பதியும்.

தோற்சுருள்:
பதிவதற்காகப் பொய் சொல்லலாம் என்கிறீர்கள். நன்றாகக் குறித்துக்கொள்கிறேன்.

கடைசி பெஞ்ச்:
நான் இந்த வருஷம்தான் காலேஜ் சேர்ந்தேன், அந்த மாதிரி முகாம் ஆறு பார்த்துவிட்டேன். ஒன்று சொல்கிறேன். 'தேவனுடைய வேளை' என்பது காதலுக்கு மட்டும்தான் வருகிறது. நீட் மார்க்குக்கு ஏன் வருவதில்லை? அதற்கு மட்டும் பத்தாம் வகுப்பிலிருந்தே கோச்சிங், "பக்கத்து வீட்டுப் பையனைப் பார்" என்று தினமும் பேச்சு. அது நெருக்கடி இல்லையா? எங்கள் ஃபிரெண்ட்ஸ் தருகிற நெருக்கடி மட்டும்தான் பாவமா? யோசேப்பும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. 40:14-இல் பானபாத்திரக்காரனிடம் 'என்னை நினைத்துக்கொள், வெளியே எடு' என்று சிபாரிசு கேட்கிறார்.

கழுகு_40_31:
தம்பி, சிபாரிசு கேட்டதால்தான் இன்னும் 2 வருஷம் உள்ளே கிடந்தார். மனுஷனை நம்பினதற்குத் தண்டனை.

தோற்சுருள்:
தண்டனை என்று எந்த வசனத்தில் இருக்கிறது? 40:23 'அவனை மறந்துவிட்டான்' என்று பானபாத்திரக்காரனைத்தான் குறை சொல்கிறது. யோசேப்பைக் குறை சொல்லவே இல்லை. பாருங்கள், 13-இல் ஆரம்பித்தவர் இப்போது இல்லாத தண்டனையையும் சேர்க்கிறார்.

கடைசி பெஞ்ச்:
என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

கழுகு_40_31:
தம்பி, பெரியவர்கள் பேசும்போது நடுவில் வரக் கூடாது. சாலொமோனின் மகன் ரெகொபெயாம் ராஜா முதியோர் சொன்னதைத் தள்ளி, கூட வளர்ந்த வாலிபர் பேச்சைக் கேட்டுப் பத்துக் கோத்திரத்தை இழந்தான். 1 ராஜாக்கள் 12. வாசி.

கடைசி பெஞ்ச்:
வாசித்திருக்கிறேன் அண்ணே. அதில் முதியோர், 'ஜனங்களுக்கு நல்வார்த்தை சொல்' என்றுதான் ஆலோசனை கொடுத்தார்கள். நீங்கள் எனக்கு எந்த நல்வார்த்தை சொன்னீர்கள்?

ஞாயிறுபள்ளி அக்கா:
தம்பி கேட்டதில் நியாயம் இருக்கிறது. நீட் எழுதுகிற பிள்ளைக்கும் இதே வார்த்தைதான் வேண்டும். என் தங்கை மகள் ரிசல்ட் அன்றைக்கு இரண்டு நாள் அறையை விட்டு வரவில்லை. அவளிடம் யாரும் 'தேவனுடைய வேளை' என்று சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இன்றைக்கும் அது என் மனதில் கிடக்கிறது.

தோற்சுருள்:
எல்லாம் சரி அக்கா. ஆனால் அடிப்படை தப்பாக இருந்தால் அதன்மேல் எதைக் கட்டுவது? அவர் இன்னும் 13-க்கு வசனம் காட்டவில்லை.

கழுகு_40_31:
போன வருஷம் தானியேல் சாப்பிடக் கேட்ட பருப்பு விஷயத்திலும் நீங்கள் இப்படித்தான். பருப்பா மரக்கறியா என்று நாலு நாள் இழுத்து, உபவாச ஜெபத்துக்கு வந்த பிள்ளைகளையே ஓட வைத்தீர்கள். நான் மறக்கவில்லை.

தோற்சுருள்:
அதிலும் நான் சொன்னதுதான் சரி. தானியேல் 1:12, 'பருப்பு முதலான மரக்கறிகளை'. இரண்டும் இருக்கிறது. நீங்கள் பருப்பு மட்டும் என்றீர்கள்.

கழுகு_40_31:
நான் அப்படிச் சொல்லவே இல்லை!

ஞாயிறுபள்ளி அக்கா:
அண்ணே, உங்கள் மகன் உறையை நீட்டிக் கேட்டானே, அவனுக்கு என்ன பதில் சொன்னீர்கள்?

தோற்சுருள்:
சொல்கிறேன் அக்கா. முதலில் 105:17-இல் 'சிறை' என்றால் அடிமை என்று அவர் ஒப்புக்கொள்ளட்டும்.

கழுகு_40_31:
சிறை என்றால் சிறை.