முதலாளி சம்மதித்தாலும் லைனில் ஸ்கேன் நடக்கவில்லை, என்ன செய்வது?

நூல்கண்டு:
திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஆலோசனை வேலை: நோட்டில் எழுதும் உற்பத்திக் கணக்கை ஸ்கேன் பண்ணி எடுக்கும் சாஃப்ட்வேருக்கு மாற்றுவது. நான்கு தையல் லைன், ஆட்கள் கான்ட்ராக்டர் மூலம். 20 பீஸ் பண்டலுக்கு ஒரு பார்கோடு டிக்கெட். ஓவர்லாக், பிளாட்லாக் (இரண்டும் தையல் வகை), செக்கிங் ஒவ்வொன்றும் முடிந்ததும் ஸ்கேன் செய்ய வேண்டும். சூப்பர்வைசர்கள் "செஞ்சிரலாங்க" என்கிறார்கள். பார்த்தால் பாதி பண்டல் ஸ்கேனே ஆகவில்லை, மீதி சாயங்காலம் ஆறு மணிக்கு மொத்தமாக ஆகியிருக்கிறது. இன்னொரு தடவை பயிற்சி கொடுக்கலாமா?

கணக்குநோட்டு:
மொத்தமாக ஸ்கேன் பண்ணுகிறவருக்கு ஸ்கேன் பண்ணத் தெரியும், பயிற்சி வேண்டாம். நோட்டில் எழுதும்வரை சூப்பர்வைசர் 640 பீஸ் ஓடினாலும் 600 என்று போட்டு, மிச்ச 40-ஐ ஆள் வராத நாளில் சேர்த்துக்கொள்ளலாம். அவர் திட்டு வாங்காமல் தப்பிப்பதே அப்படித்தான். கான்ட்ராக்டரின் கவலை வேறு: டெய்லருக்கு ஷிப்ட் கூலி, கம்பெனியிடம் வாங்குவது பீஸ் ரேட், அதாவது பீஸுக்கு இவ்வளவு என்று. நடுவில் நிற்கிற காசு திரையில் தெரிந்துவிடும். இதைக் கூட்டத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "ஷிப்மெண்ட் முடியட்டும்", "நெட் வரல" என்றுதான் வரும். ஒவ்வொருவரிடமும் தனியாக, "இது வந்தா உங்களுக்கு எது சிரமமாகுங்க?" என்று கேளுங்கள். கேட்டபின் பேசாமல் இருங்கள். சாஃப்ட்வேர் பெருமையை ஆரம்பித்தால் போச்சு.

பாபின்:
இதற்கு ஒரு பழைய ஆய்வு உண்டு, அதுவும் தையல் ஆலையில். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஹார்வுட் பைஜாமா ஆலை. கோச், ஃபிரெஞ்ச் இருவரும் 1948-இல் வெளியிட்டார்கள். அங்கேயும் பீஸ் ரேட்தான். வேலைமுறை மாற்றத்தை அறிவிப்பாக மட்டும் கேட்ட குழுவில் 40 நாளுக்குள் 17 சதவீதம் பேர் வேலையை விட்டார்கள், உற்பத்தியும் மீளவில்லை. புதிய முறையை எல்லோரும் சேர்ந்து வகுத்த குழுக்களில் ஒருவர்கூட விலகவில்லை, உற்பத்தி பழைய அளவையும் தாண்டியது. உங்கள் ஸ்கேன் இடங்களை யார் தீர்மானித்தது? லைனில் நிற்பவர்களைக் கேட்டீர்களா?

மெர்ச்சண்டைசர்:
முதலாளி சம்மதித்தார் என்பதையே நான் நம்ப மாட்டேன். மதியம் சூப்பர்வைசருக்கு போன் போட்டு "எவ்வளவு ஆச்சு?" என்று கேட்கிறாரா? அப்படியானால் நோட்டுதான் நிஜக் கணக்கு, ஸ்கேன் உங்களுக்காக நடக்கிற கூடுதல் வேலை. முதலில் அந்த போன் நிற்க வேண்டும், அவர் திரையைப் பார்த்துத்தான் பேச வேண்டும். பிறகு, அவசர ஷிப்மெண்ட் இல்லாத ஒரே ஒரு லைனை எடுங்கள். அங்கே நோட்டை முழுசாக நிறுத்தி, மணிக்கணக்கு ரிப்போர்ட்டை ஸ்கேனிலிருந்தே பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள். இரண்டும் ஓடினால் வேலை இரட்டிப்பு, ஸ்கேன்தான் முதலில் விடுபடும். முதல் மாதம் இந்தக் கணக்கை வைத்து யாரையும் கேள்வி கேட்பதில்லை, ரேட்டைக் குறைப்பதில்லை என்று முதலாளி வாயாலேயே லைனில் சொல்லட்டும். ஒரு தடவை மீறினாலும் அந்தக் கம்பெனியில் ஸ்கேன் முடிந்தது.

நூல்கண்டு:
போன் போகிறது, தினமும் இரண்டு தடவை. நோட்டை நிறுத்தி, நெட் போய்விட்டால்?

மெர்ச்சண்டைசர்:
டிக்கெட்டில் ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் கிழிக்கிற மாதிரி துண்டு வையுங்கள், ஒவ்வொன்றிலும் பார்கோடு. டெய்லர் கிழித்துத் தன் டப்பாவில் போடட்டும். நெட் வந்ததும் மணிவாரியாக ஸ்கேன் பண்ணலாம். டெய்லருக்கும் தன் கணக்கு தன் கையில் இருக்கும்.