பேண்ட் எய்ட் 1984: லண்டன் ஸ்டுடியோவிலிருந்து சூடான் லாரி வரை

எத்தியோப்பியாவின் கோரெம் பஞ்ச முகாமைப் பற்றிய மைக்கேல் பியூர்க்கின் செய்தி பிபிசியில் வந்தது 1984 அக்டோபர் 23. அதைப் பார்த்துப் பஞ்ச நிவாரண நிதி திரட்ட, பாடகர்கள் பாப் கெல்டாஃபும் மிட்ஜ் யூரும் மற்ற பாடகர்களைப் பேண்ட் எய்ட் என்ற பெயரில் கூட்டி 'டூ தே நோ இட்ஸ் கிறிஸ்துமஸ்?' என்ற பாட்டைப் பாடவைத்தார்கள். டிசம்பர் முதல் வாரத்தில் அந்த இசைத்தட்டு கடைக்கு வந்துவிட்டது. பாட்டை ஒரே நாளில் முடித்தார்கள் என்று சொல்வதுண்டு; அது பாதிதான் சரி. இசைத் தயாரிப்பாளர் டிரெவர் ஹார்ன் தன் சார்ம் வெஸ்ட் ஸ்டுடியோவை நவம்பர் 25 அன்று 24 மணி நேரத்துக்கு இலவசமாகக் கொடுத்தார். ஆனால் கீபோர்டும் மெஷின் தாளமும் அதற்கு முன்பே மிட்ஜ் யூர் வீட்டு ஸ்டுடியோவில் தயார். ஸ்டிங்கும் சைமன் லெ பானும் அங்கேயே வந்து பாடிப் பார்த்திருந்தார்கள். இந்த வேலை முடியாமல் அத்தனை பாடகர்களைக் கூட்டியிருந்தால் சுருதி பேசியே பொழுது போயிருக்கும்.

எடுத்த வரிசையையும் கவனியுங்கள். முதலில் பதிவானது எல்லோரும் சேர்ந்து பாடும் கடைசிப் பகுதி. வீடியோவுக்கும் பத்திரிகைப் படத்துக்கும் வேண்டியது அதிலேயே கிடைத்துவிட்டது. பிறகுதான் தனித்தனியாக மைக் முன்னால். முதல் ஆள் டோனி ஹாட்லி. பாய் ஜார்ஜ் நியூயார்க்கிலிருந்து கான்கார்ட் விமானத்தில் வந்து சேர மாலையாகிவிட்டது. பில் காலின்ஸ் டிரம்ஸ் செட்டை முழுசாகக் கொண்டுவந்து, மற்றவர்கள் பாடி முடிக்கும்வரை காத்திருந்தார். முதல் டேக்கே யூருக்குப் பிடித்துவிட்டது. காலின்ஸுக்குத் திருப்தியில்லை, இன்னொரு முறை வாசித்தார். மெஷின் தாளத்தின்மேல் அந்த டிரம்ஸ் வந்து விழும் இடத்தை ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள், பாட்டே எழுந்து நிற்கும்.

*

பாட்டு உருவான கதை மேலே இருக்கிறது. பணக் கணக்கை நான் சேர்க்கிறேன். இசைத்தட்டில் காசு ஒழுகும் ஓட்டைகள் பல: ஸ்டுடியோ வாடகை, பாடகர் கூலி, பாட்டெழுதியவர் ராயல்டி, அட்டை, அச்சு, கடைக்காரர் லாபம். இவற்றை ஒவ்வொன்றாக அடைத்தார்கள். அட்டை வரைந்தது ஓவியர் பீட்டர் பிளேக். கெல்டாஃபும் யூரும் ராயல்டியை அறக்கட்டளைக்கே எழுதிக் கொடுத்தார்கள். அடைக்க முடியாமல் நின்றது 15 சதவீத மதிப்புக் கூட்டு வரி. அதை விட்டுக்கொடுக்க பிரிட்டனின் தாட்சர் அரசு முதலில் மறுத்தது; எதிர்ப்பு வலுத்ததும் வரிக்குச் சமமான தொகையை நன்கொடையாகத் திருப்பிக் கொடுத்தது. கெல்டாஃப் எதிர்பார்த்தது சுமார் 70,000 பவுண்டு. ஓராண்டில் வந்தது 80 லட்சம்.

இதே வேலையில் கால் இடறும் இடம் ஒப்பந்தம். ஒவ்வொரு பாடகர் குரலும் ஒரு கம்பெனிக்கு எழுதிக் கொடுத்த சொத்து. ஹெவி மெட்டல்காரர்கள் ரோனி ஜேம்ஸ் டியோ தலைமையில் இதே பஞ்ச நிவாரணத்துக்காக 'ஹியர் அண்ட் எய்ட்' என்ற பெயரில் கூடி ஒரு பாட்டை 1985 மே மாதமே பதிவு செய்துவிட்டார்கள்; கம்பெனிகளின் அனுமதிச் சிக்கலில் தட்டு வெளிவர 1986 ஆகிவிட்டது. அதற்குள் மக்கள் கவனம் தணிந்துவிட்டது. கையெழுத்தெல்லாம் பதிவுக்கு முன்பே கைக்கு வந்துவிட வேண்டும்.

*

பணம் வந்த பிறகுதான் கடினமான பகுதியே. ஆளுக்கு ஒரு நாளைக்கு அரைக் கிலோ தானியம் என்றால் மாதம் 15 கிலோ. 10,000 பேருக்கு 150 டன், அதாவது 50 கிலோ மூட்டை 3,000. 20 டன் ஏற்றும் லாரியில் 400 மூட்டை போகும், ஆக எட்டு நடை. ஒரு நடை போய்வர இரண்டு வாரமானால் நான்கு லாரி வேண்டும். பழுதுக்கு ஒன்று சேர்த்து ஐந்து. பருப்பும் எண்ணெயும் இதில் சேராது.

கப்பலில் தானியம் பெரும்பாலும் கொட்டலாக வரும், துறைமுகத்தில்தான் சாக்கில் பிடிப்பார்கள். கொக்கி போட்டு இழுத்தால் சாக்கு கிழியும். அதனால் 100 மூட்டைக்கு 2 காலிச் சாக்காவது, ஊசி சணலோடு, கூடவே போக வேண்டும். குடோனில் தரையில் அடுக்கினால் அடிவரிசை ஈரம் குடித்துப் பூஞ்சை பிடிக்கும். பலகை போட்டு, சுவரிலிருந்து ஆள் நடக்கும் அளவு தள்ளி அடுக்க வேண்டும். முதலில் வந்த மூட்டை முதலில் வெளியேறாவிட்டால் வண்டு புகுந்துவிடும்.

பக்கத்து நாடான சூடானிலும் பஞ்சம்தான். அங்கே லாரி முதலாளிகள் கூட்டுச் சேர்ந்து வாடகையை ஏற்றினார்கள். போர்ட் சூடான் துறைமுகத்தில் தானியம் குவிந்து கிடக்க, மேற்கே டார்ஃபூரில் பசி. பேண்ட் எய்ட் அறக்கட்டளை சொந்தமாக லாரிகளையே வாங்கியது. பாட்டு விற்ற காசில் செய்தவற்றில் எனக்குப் பெரிதாகத் தெரிவது இதுதான். லாரி வாங்கினால் மட்டும் போதாது. டயர், ஏர் ஃபில்டர், லீஃப் ஸ்பிரிங், டீசல், மெக்கானிக் எல்லாம் சேர்ந்தே வர வேண்டும். மணல் முதலில் தின்பது ஃபில்டரைத்தான்.

*

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். எத்தியோப்பியாவின் வடக்கே அரசை எதிர்த்துப் போரிட்ட டிக்ரே போராளிகள் வசமிருந்த ஊர்களுக்கு எத்தியோப்பிய அரசு வழியாகத் தானியம் போகவில்லை. சூடான் எல்லை தாண்டித்தான் போனது, அதுவும் இரவில் மட்டும். பகலில் ஓடினால் அரசின் போர் விமானங்கள் சுடும். விடிவதற்குள் லாரிகளை மரத்தடியில் நிறுத்தி, மேலே கிளைகளைப் போட்டு மூடிவிட்டு, இருட்டும்வரை ஓட்டுநர்கள் அங்கேயே காத்துக் கிடந்தார்கள்.