இஜிஆர் கூலர்: மூன்று சப்ளையர்களில் யாரை நம்புவது?

சரக்குக்காரன் கேட்டது:

வணக்கம். ஒர்க்‌ஷாப்களுக்கு டீசல் எஞ்சின் உதிரிபாகங்களை மொத்தமாக எடுத்துக் கொடுக்கிறேன். ஃபில்டர், கேஸ்கெட் எல்லாம் பழகிய சரக்கு, கையில் எடுத்தாலே தெரிந்துவிடும். இஜிஆர் கூலரில்தான், அதாவது எஞ்சினுக்குத் திரும்பப் போகும் புகைவாயுவைக் கூலன்டால் குளிர்விக்கும் பாகத்தில்தான், முழி பிதுங்குகிறது. ஒரு ஸ்டெயின்லெஸ் டப்பா, இரண்டு ஃப்ளேஞ்ச், இரண்டு ஹோஸ் முனை. நல்லதற்கும் கெட்டதற்கும் ஒரே முகம்.

முன்பு எடுத்த ஒரு லாட்டில் நிறைய பீஸ்கள் சில மாதத்திலேயே திரும்பி வந்தன. கூலன்ட் குறைகிறது, வெளியே ஒழுகல் தெரியவில்லை, காலையில் ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை. விற்றவரைக் கேட்டால், மாட்டியவன் சரியில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

இப்போது மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கியிருக்கிறேன். முதலாமவர் ஐஏடிஎஃப் 16949 சான்றிதழை இணைத்திருக்கிறார். இரண்டாமவர் விலை குறைவு, 2 வருட வாரண்டியும் தருகிறார். மூன்றாமவர் டிசைனையே மாற்றியிருக்கிறார்: தட்டை ட்யூபுக்குப் பதிலாகத் தடித்த உருண்டை ட்யூப், எண்ணிக்கையும் குறைவு. 'இது வெடிக்கவே வெடிக்காது' என்கிறார். எதை வைத்து முடிவு செய்வது?

நாலுசிலிண்டர்:

மாட்டுகிற பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன் அண்ணே. திரும்பி வந்ததெல்லாம் மட்டமான பீஸ் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஃபோர்டு 6.0 பவர் ஸ்ட்ரோக் எஞ்சினில் கூலன்ட் முதலில் ஆயில் கூலர் வழியாகப் போய், அதற்கப்புறம்தான் இஜிஆர் கூலருக்கு வரும். ஆயில் கூலர் கசடால் அடைத்துக்கொண்டால் இஜிஆர் கூலருக்குள் ஓட்டம் குறைந்து, இருக்கிற கூலன்ட் கொதித்து, ட்யூப் விரிசல் விடும். அங்கே தங்கத்திலேயே கூலர் செய்து மாட்டினாலும் மறுபடி போகும். எனவே திரும்பி வரும் ஒவ்வொரு பீஸோடும், கூலன்ட் மாற்றினார்களா, ஆயில் கூலரைப் பார்த்தார்களா என்று இரண்டு கேள்வி கேட்டு எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் சப்ளையரிடம் பேச உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

உலைப்பக்கம்:

வெப்பமாற்றி செய்யும் ஆலையில், பிரேசிங் (வேறொரு உலோகத்தை உருக்கி ஓடவிட்டு பாகங்களை இணைப்பது) உலைக்குப் பக்கத்து மேசையில் தர ஆய்வு பார்த்தவள் நான். சான்றிதழிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதில்தான் எல்லோரும் மயங்குகிறார்கள்.

ஐஏடிஎஃப் 16949 என்பது வாகனக் கம்பெனிகளுக்குப் பாகம் செய்து தரும் ஆலைக்கான தர ஏற்பாடு. வாகனக் கம்பெனிக்குக் கொடுக்காமல் கடைகளில் விற்கும் மாற்று உதிரிபாகம் மட்டுமே செய்கிற ஆலைக்கு அது கிடைக்கவே கிடைக்காது, வாங்கி விற்பவருக்கும் கிடைக்காது. எனவே முதலாமவர் அனுப்பிய தாளில் இரண்டு இடம் பாருங்கள்: எந்த ஆலையின் முகவரி, எந்தப் பொருளுக்குச் செல்லும். ரேடியேட்டர் குழாய்க்கு வாங்கிய சான்றிதழைக் காட்டி கூலர் விற்பது நடக்கிற கதைதான். முகவரியும் பொருளும் சரியாக இருந்தால் அந்த ஆலைக்கு நிஜமாகவே ஒரு வாகனக் கம்பெனி வாடிக்கையாளர் உண்டு என்று பொருள். அது நல்ல செய்தி. ஆனால் உங்களுக்கு வரும் பெட்டி அதே லைனில் செய்ததா என்று அந்தத் தாள் சொல்லாது.

என் கணக்கில் எல்லாமே ஜாயின்ட்தான். 500, 600 டிகிரியில் புகைவாயு உள்ளே நுழைகிறது. மெல்லிய ட்யூபின் மறுபுறம் 90 டிகிரி கூலன்ட். ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் ட்யூபும், ட்யூப் முனைகளைப் பிடித்திருக்கும் ஹெடர் பிளேட்டும் வேறு வேறு அளவில் விரிகின்றன. விரிசல் பெரும்பாலும் வாயு நுழையும் பக்கத்து ஹெடர் பிளேட்டில்தான் பிறக்கும். அதனால் ஒரு சாம்பிளைப் பலி கொடுங்கள். அதுவும் அவர் அனுப்பும் சாம்பிள் வேண்டாம், அதைப் பொறுக்கி எடுத்துத்தான் அனுப்பியிருப்பார். கடையில் விற்கிற லாட்டிலிருந்து வேறு பெயரில் வாங்குங்கள். நுழைவுப் பக்கத்தை நீளவாக்கில் மெதுவாக அறுத்து, உப்புத்தாளால் தேய்த்து, 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். ஒவ்வொரு ட்யூபையும் சுற்றி பிரேசிங் உலோகம் வளைவாக, முழுதாக ஓடியிருக்க வேண்டும். ஒரு பக்கம் நிறைந்து மறுபக்கம் கோடாக இடைவெளி தெரிந்தால் அந்த லாட்டைத் தொடாதீர்கள்.

நிறத்தையும் பாருங்கள். இங்கே நிக்கல் கலந்த பிரேசிங்தான் வேண்டும், அது வெள்ளி நிறம். சிவப்பாகத் தெரிந்தால் செம்பு. குளிர்ந்த எஞ்சினில் புகைவாயு வியர்த்துச் சொட்டும் நீர் அமிலம், அது செம்பை அரிக்கும். இதற்கு அறுக்கக்கூட வேண்டாம், வாயு வாயில் எண்டோஸ்கோப்பை விட்டாலே போதும்.

உலோகத்துக்கு காந்தம் வைத்துப் பார்க்கும் பழக்கத்தை மறந்துவிடுங்கள். விலை குறைந்த 201 ஸ்டெயின்லெஸ்ஸிலும் காந்தம் ஒட்டாது. உலோகக் கலவையை எக்ஸ்ரேயால் அளக்கும் கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவி இருக்கிற பழைய இரும்புக் கடையில் ஒரு துண்டைக் காட்டுங்கள். 304-இல் நிக்கல் 8 சதவீதத்துக்கு மேல், மாங்கனீஸ் 2-க்குள். 201-இல் மாங்கனீஸ் 5.5-க்கு மேல். 316 என்று சொன்னால் மாலிப்டினம் 2 சதவீதமாவது வர வேண்டும். அந்தக் கருவியால் கார்பனை அளக்க முடியாது, எனவே கார்பன் குறைந்த 'எல்' கிரேடா என்பதற்கு, உலோக ஆலை தரும் ஈஎன் 10204 வகை 3.1 மில் சான்றிதழைக் கேளுங்கள், ஹீட் எண்ணோடு (எந்த உருக்கில் வந்த உலோகம் என்ற எண்).

டீசல்பித்தன்:

இவ்வளவு எதற்கு? பிளேட் போட்டு இஜிஆரையே அடைத்துவிட்டால் கூலரே வேண்டாமே.

உலைப்பக்கம்:

பல நாடுகளில் அது மாசுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை மீறுவது, விற்பவரும் மாட்டிக்கொள்வார். எரிப்பு வெப்பத்தைக் குறைத்து நைட்ரஜன் ஆக்சைடை அடக்கத்தான் அந்த வாயு திரும்பப் போகிறது. இந்த இழையில் அது வேண்டாம்.

சரக்குக்காரன்:

அந்த மூன்றாவது, தடித்த ட்யூப் பற்றி யாரும் சொல்லவில்லையே? அப்புறம், அறுத்துப் பார்ப்பதைத் தவிர அவர்களிடம் கேட்க வேண்டியது என்ன?

உலைப்பக்கம்:

தடித்த ட்யூப் விரிசலைத் தாங்கும், அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. அதற்கான நஷ்டம் வேறு இடத்தில் வரும். எண்ணிக்கை குறைந்தால் பரப்பு குறையும், வாயு சூடாகவே வெளியேறும். உதாரணத்துக்கு, வாயு 500 டிகிரியில் நுழைந்து, கூலன்ட் 90-இல் இருந்து, 150-இல் வெளியேறினால் திறன் 85 சதவீதம். அதே நிலையில் 210-இல் வெளியேறினால் 71. எனவே 'வெடிக்காது' என்பதை விட்டுவிட்டு, ஒரே வாயு ஓட்டத்தில் கம்பெனி பீஸும் அவர் பீஸும் காட்டிய வெளியேற்ற வெப்பத்தைக் கேளுங்கள். கூலருக்குப் பின் வெப்பத்தைக் கவனிக்கும் எஞ்சின்களில் எச்சரிக்கை விளக்கு எரியவும் வாய்ப்புண்டு.

மூன்று பேரிடமும் கேட்க வேண்டியது லீக் டெஸ்ட். 'டெஸ்ட் செய்கிறோம்' என்பது பதில் ஆகாது. ஒவ்வொரு பீஸுமா, லாட்டுக்குச் சிலவா? ஹீலியமா, நீரில் மூழ்கடித்த காற்றா? என்ன அழுத்தம், எவ்வளவு லீக் வரை ஏற்கிறார்கள்? நுண்ணிய விரிசல் குளிரில் மூடிக்கிடந்து சூட்டில் திறக்கும், அதனால் வெந்நீரில் சோதிப்பவர் கொஞ்சம் யோசித்தவர். லீக் என்றால் கூலன்ட் நஷ்டம் மட்டும் இல்லை. 2018-இல் பிஎம்டபிள்யூ உலகம் முழுக்க சுமார் 16 லட்சம் டீசல் வண்டிகளைத் திரும்ப அழைத்தது இதனால்தான்: கசிந்த கிளைக்கால் (கூலன்டில் உள்ள ரசாயனம்) கரிப்படிவோடு சேர்ந்து, சூட்டில் தீப்பிடிக்கும் நிலை.

வாரண்டியில் ஆண்டைப் பார்க்காதீர்கள். கூலன்ட் சிலிண்டருக்குள் போய் கனெக்டிங் ராட் வளைந்தால் யார் பொறுப்பு என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.

சரக்குக்காரன்:

கேட்டுவிட்டேன். முதலாமவரின் சான்றிதழ் வேறு ஊர் ஆலைக்கு, பொருள் வளைகுழாய். இரண்டாமவர் லாட்டுக்குச் சில பீஸ்தான் சோதிக்கிறார். மூன்றாமவர் எல்லா பீஸையும் காற்றில் சோதிக்கிறார், பேட்ச் எண்ணை லேசரில் பொறிக்கிறார், ஆனால் வெப்ப அளவு கொடுக்க மறுக்கிறார்.

நாலுசிலிண்டர்:

பேட்ச் எண் இருந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம். அவரிடம் கொஞ்சமாக எடுத்துக் கொடுங்கள், வெளியேற்ற வெப்பத்தை நானே மாட்டி அளந்து எழுதுகிறேன்.

உலைப்பக்கம்:

ஆர்டரில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: பிரேசிங் கலவையோ உலையோ மாறினால் அனுப்புவதற்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று. முதல் லாட்டில் ஒரு பீஸை எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த லாட் வந்ததும் இரண்டையும் ஒன்றாக அறுங்கள்.