கூலிக்கு அரிசி: ஊர் வரத்துக்கால்வாய் வேலையை இங்கிருந்து எப்படிக் கண்காணிப்பது?

கண்மாய்க்கரை (ஜூரோங்):
வணக்கம். சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர். இங்கே சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள் சேர்ந்து, சித்திரையில் கண்மாயின் வரத்துக்கால்வாயைத் தூர்வாரப் போகிறோம். கூலியில் பாதி பணம், பாதி அரிசி. ஊராட்சியில் அனுமதி வாங்கியாகிவிட்டது. ஆனால் நாங்கள் யாரும் பக்கத்தில் இருக்க மாட்டோம். தினமும் வாட்ஸ்அப்பில் போட்டோ வந்தால் போதுமா? சைட்டில் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசு, அதனால்தான் கேட்கிறேன்.

பழைய ஓவர்சியர் (உட்லண்ட்ஸ்):
தம்பி, நான் ஊராட்சி ஒன்றியத்தில் ஓவர்சியராக இருந்தவன். இப்போது மகள் வீட்டில் இருக்கிறேன். 2001-இல் வந்த சம்பூர்ண கிராமீன் ரோஜ்கார் யோஜனா என்ற மத்திய அரசின் கிராம வேலைத் திட்டத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிலோ தானியம், மீதி பணம். அந்தக் கணக்கெல்லாம் எழுதிய கை இது.

போட்டோ போதாது. நூறு நாள் வேலையில் செல்போன் செயலியில் தினம் இரண்டு முறை படம் எடுத்து ஏற்றச் சொன்னார்கள். படத்தையே படம் எடுத்து ஏற்றுகிறார்கள் என்று 2025-இல் மத்திய அமைச்சகமே சொன்னது.

முதல் மண்வெட்டி விழுவதற்கு முன்னால் அளந்துவிடுங்கள். அதுதான் எல்லாம். கால்வாயை 30 மீட்டருக்கு ஒரு இடமாகப் பிரித்து, ஒவ்வொரு இடத்திலும் மேல் அகலம், அடி அகலம், ஆழம் மூன்றையும் நோட்டில் எழுதி, ஊர்ப் பெரியவர் இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்குங்கள். வெட்டும்போது நடுநடுவே ஒரு முழ அகலத்துக்கு மண் திட்டை வெட்டாமல் விடச் சொல்லுங்கள். திட்டின் உச்சிதான் பழைய தரை, அங்கிருந்து டேப்பைத் தொங்கவிட்டால் எவ்வளவு ஆழம் வெட்டினார்கள் என்று தெரிந்துவிடும். அளந்து முடிந்த பிறகுதான் திட்டை எடுக்க வேண்டும். டிராக்டர் நடையை எண்ணிக் கூலி கொடுக்காதீர்கள், வெட்டிய மண் உதிர்ந்து பெருத்துப்போகும். ஐப்பசி மழைக்கு முன் கடைசி அளவும் முடிந்தாக வேண்டும். தண்ணீர் வந்துவிட்டால் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

அப்புறம் ஆள் கணக்கு. யாருக்கு எத்தனை நாள், எத்தனை கிலோ, எவ்வளவு பணம் என்று பெயரோடு எழுதி மே 1 கிராம சபையில் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு 1994-இல் செய்தது இதுதான். மஸ்டர் ரோலை, அதாவது வேலையாட்களின் வருகைப் பதிவேட்டை, ஊர் நடுவே வாசித்தபோது, வேலைக்கே வராதவர்கள் பெயரெல்லாம் வெளியே வந்தது. உட்கார்ந்திருக்கும் சனத்துக்கு யார் வந்தார், யார் வரவில்லை என்று தெரியும், தம்பி. நம்மைவிட அவர்கள்தான் நல்ல தணிக்கையாளர்கள்.

தேக்கா செல்வி:
ஓவர்சியர் ஐயா சொன்னது சரி. ஆனால் அரிசி எதற்கு? தமிழ்நாட்டில் 2011 ஜூனிலிருந்து ரேஷனில் அரிசி இலவசம். நீங்கள் கொடுக்கும் மூட்டை நேரே வியாபாரி கடைக்குத்தான் போகும் என்று பயமாக இருக்கிறது. பருப்பும் எண்ணெயும் கொடுங்கள், தம்பி, அதற்குத்தான் வீட்டில் தட்டுப்பாடு. எது கொடுத்தாலும் வேலை நடக்கும் இடத்திலேயே தராசு இருக்கட்டும், பெண்கள் முன்னால் நிறுத்துக் கொடுக்கட்டும். ஒரு மாதம் கழித்து உங்கள் அம்மாவை நாலு வீட்டுக்கு அனுப்பி, வந்தது அடுப்புக்குப் போனதா என்று கேட்கச் சொல்லுங்கள். அம்மாவிடம் மறைக்க மாட்டார்கள்.

பழைய ஓவர்சியர்:
செல்வி சொல்வது நியாயம், என் காலத்து நிலைமை வேறு. இன்னொன்று, தம்பி: உங்கள் குழுவில் சிங்கப்பூர் குடியுரிமை வாங்கியவர் யாராவது உண்டா? அவர் கொடுக்கும் பணம் இந்தியச் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது அப்படி ஆகாது. வசூலிக்கும்போதே இரண்டையும் தனியாக வையுங்கள்.

கண்மாய்க்கரை:
ரொம்ப நன்றி ஐயா, நன்றி அக்கா. மூன்று பேர் இங்கே குடியுரிமை வாங்கியவர்கள், அவர்கள் பணத்தை இப்போதைக்கு நிறுத்தி வைக்கிறோம். அரிசிக்குப் பதில் துவரம்பருப்பு என்று ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் சொல்கிறேன். ஐயா, அந்த மண் திட்டு எத்தனை அடிக்கு ஒன்று விட வேண்டும்?

பழைய ஓவர்சியர்:
அளவு எடுக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒன்று. கால்வாய் வளையும் இடத்தில் கூடுதலாக ஒன்று, அங்கேதான் ஆழத்தில் ஏமாற்றுவார்கள்.