அகாடமிக்கு ஒரு சொல், வெள்ளிக்குள் வேண்டும்

காரைக்குடியிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். எங்கள் உடற்கல்வி மாணவர்களுக்காக, ஐரோப்பியக் கால்பந்து கிளப்புகள் சிறுவர்களை எப்படி வளர்த்தெடுக்கின்றன என்று எட்டுப் பக்கக் கையேடு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகணும். 'யூத் அகாடமி'க்குத் தமிழ்ச் சொல் கிடைக்காமல் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

விஷயம் இதுதான். இங்கிலாந்தில் 9 வயதுக்குட்பட்டோர் அணியிலிருந்தே பையனைப் பதிவு செய்கிறார்கள். 2012-இல் வந்த திட்டப்படி மூன்று படிகள். 11 வயதுக்குட்பட்டோர் வரை அடித்தளம், 16 வரை வளர்ச்சி, அதன்பின் தொழில்முறை. 16 வயதில் பலரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். 'பயிற்சிப் பள்ளி' என்று எழுதினால் டியூஷன் சென்டர் மாதிரி இருக்கிறது.

தஞ்சாவூரிலிருந்து:

இதற்கா இவ்வளவு யோசனை? நாற்றங்கால்! நாற்று + அம் + கால். நடுவில் அம் சாரியை, புளியங்காய் போல. 'நாறு' என்றாலே முளைத்தல், தோன்றுதல். மணத்தல் என்ற பொருளும் உண்டு. பிற்காலத்தில்தான் பாவம், அந்தச் சொல் கெட்டுப்போனது. இதைப் பற்றித் தனியாகவே ஒரு மடல் எழுதுகிறேன்.

காரைக்குடியிலிருந்து:

ஐயா, பலகையில் எழுதிப் பார்த்தேன். ஆட்டம் முடிந்து வந்து கடைசி பெஞ்சில் காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்த ஒருவன், "நாற்றம் பிடித்த காலா சார்?" என்றான். அன்று அதற்குமேல் பாடம் நடக்கவில்லை.

இன்னொன்று, எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. புழுதியிலேயே நெல்லை விதைத்துவிடுகிற ஊர்ப் பையன்களுக்கு நாற்றங்காலை முதலில் விளக்கணும்.

கோயம்புத்தூரிலிருந்து:

'கிளப்' என்று கூசாமல் எழுதுகிறீர்களே. கால்பந்துக் கழகம், கழக இளைஞரணி. முடிந்தது.

மதுரையிலிருந்து:

கழக இளைஞரணியா? தேர்தல் நேரத்தில் அச்சகத்துக்காரர் வட்டச் செயலாளர் படம் கேட்பார். குறளின் சூது அதிகாரத்தில் கழகம் என்றால் சூதாடும் இடம், அதையும் நினைவில் வையுங்கள். (பந்தயக்காரர்களைப் பார்த்தால் அதுவே பொருத்தம் என்றும் தோன்றுகிறது.)

பார்சிலோனாக்காரர்கள் இப்படி மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. 1702-இல் கட்டிய பழைய பண்ணை வீடு ஒன்றில் 1979 முதல் பையன்களைத் தங்கவைத்தார்கள். கத்தலான் மொழியில் லா மாசியா என்றால் பண்ணை வீடு, அவ்வளவுதான். 2011-இல் புதுக் கட்டடத்துக்குப் போன பிறகும் அதே பெயர். 2010-இல் உலகின் சிறந்த வீரருக்கான பாலோன் தோர் விருதின் இறுதி மூவரான மெஸ்ஸி, இனியெஸ்டா, சாவி எல்லாரும் அந்தப் பட்டறையில் உருவானவர்கள். ஸ்பெயினில் இளையோர் பிரிவுக்குப் பொதுப்பெயர் 'கந்தேரா', அதாவது கல்குவாரி.

தேவகோட்டையிலிருந்து:

தம்பி, ஊருக்குள்ளேயே சொல்லை வைத்துக்கொண்டு ஏன் ஸ்பெயினுக்குப் போகிறீர்கள்? எங்கள் ஐயா சிறுவயதில் ரங்கூன் வட்டிக் கடைக்குப் பெட்டியடிப் பையனாகப் போனவர். பணப்பெட்டி ஓரம்தான் இருக்கையும் படுக்கையும். ராத்திரி விளக்கை அணைத்த பிறகும் வட்டிக் கணக்கை வாயால் சொல்லணுமாம். தப்பினால் முதலிலிருந்து. தேறினால் அடுத்தாள், அப்புறம் மேலாள். தேறாதவனுக்குக் கப்பல் டிக்கெட்.

நாற்றங்காலில் கிட்டத்தட்ட எல்லா நாற்றையும் வயலில் நட்டுவிடுவார்கள். நீங்கள் சொல்லும் இடத்தில் பாதி வழியில் கழிக்கிறார்களே, அது எங்கள் கடைக் கணக்குதான். 'பெட்டியடி' என்றே வையுங்கள்.

காரைக்குடியிலிருந்து:

ஆச்சி, அருமை. இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே ஒரு வீரரை வேறு நாட்டு கிளப் விலைக்கு வாங்கினால், 12 முதல் 23 வயது வரை அவரை வளர்த்த கிளப்புகளுக்கு அந்தத் தொகையில் 5 சதவீதம் பிரிந்து போகும். பையனை வளர்த்த கடைக்கும் பங்கு!

ஆனால் கால்பந்துக் கையேட்டில் பெட்டியடி என்று போட்டால், கோலுக்கு முன்னால் இருக்கும் பெனால்டி பெட்டியில் நிற்கிற கோல்கீப்பரைச் சொல்கிறேன் என்று நினைப்பார்கள்.

கோயம்புத்தூரிலிருந்து:

கோல்கீப்பர் அல்ல, இலக்குக் காவலர்.

காரைக்குடியிலிருந்து, வியாழன் இரவு:

அச்சகத்திலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. அட்டையில் 'இளையோர் பயிற்சியகம்' என்று போட்டாயிற்று. நாலு பேர் சரி என்றார்கள், மற்றவர்கள் பதிலே எழுதவில்லை. உள்ளே, முதல் அணிக்குக் கீழே காத்திருக்கும் அணிக்கு மட்டும் ஆச்சியின் சொல்: 'அடுத்தாள் அணி'. அதை வகுப்பில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தஞ்சாவூரிலிருந்து:

பயிற்சியகம் என்றதும் எனக்குத் தையல் மிஷின்தான் தெரிகிறது. என் எதிர்ப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். 'நாறு' மடல் நாளை வரும்.